ஐந்து வரியில் மறுசேர்க்கை

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இரண்டு நாள் சளி இருந்தது, போய்விட்டது. இதை மறைத்தால் அத்தானை அனுப்பி விசாரணைக் கமிஷன் வைப்பாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாண்டுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

ஓர் உதவி வேண்டும். இங்கே அறிவியல் கலைச்சொல் அகராதி ஒன்று தயாராகிறது. முதல் கூட்டத்திலேயே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ‘மறுசேர்க்கை’ என்ற சொல்லுக்குத் துறைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். பதிப்பாசிரியர் அந்தச் சொல்லை அப்படியே என் தலையில் கட்டிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. ஒரு துறைக்கு ஐந்து வரி. ஆறாவது வரி எழுதினால் வாசிக்காமலே வெட்டிவிடுவார்.

எங்கள் பொருளை எழுதிவிட்டேன். சூரியத் தகட்டில் வெளிச்சம் விழுந்ததும் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டுக் கிளம்பும். அது விட்டுப்போன காலி இடத்துக்குத் துளை என்று பெயர். இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வெளியே கொண்டுவந்தால் மின்சாரம். வழியிலேயே எலக்ட்ரான் ஒரு துளையில் போய் விழுந்துவிட்டால் அதுதான் மறுசேர்க்கை, பிடித்த வெளிச்சம் வெறும் சூடாகப் போய்விடும். அப்படி விழுவதற்கு முன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு ஆயுட்காலம் என்று பெயர், சிரிக்காதே. எங்களுக்கு மறுசேர்க்கை எதிரி. அடுத்த அறையில் விளக்கு செய்கிறவர்களுக்கோ அதே மறுசேர்க்கைதான் சோறு போடுகிறது. எலக்ட்ரான் துளையில் விழும்போதுதான் அவர்கள் விளக்கு எரியும். நெருப்பில் உடைந்த மூலக்கூறுத் துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்வதைப் பற்றி வேதியியல்காரர் நாலே வரியில் முடித்துவிட்டார். வானியலுக்குக் கோளரங்கத்தில் விளக்கம் சொல்லும் பெண் எழுதுகிறாள். மரபியலுக்கு உன்னை விட்டால் ஆள் ஏது? ஐந்து வரி எழுதி அனுப்பு.

போன வாரம் முப்பத்து நான்கு முடிந்தது. அப்பாவுக்குக் கை கால் ஆட ஆரம்பித்த வயதுக்கு இன்னும் ஆறு வருடம். ‘உனக்கும் இருக்குடா’ என்று நீ உன் ஆய்வகத்திலிருந்து வந்து சொல்லி ஏழு வருடம் ஆகிறது. கோபப்படாதே, பிறந்தநாள் வந்தால் இந்தக் கூட்டல் கழித்தல் தானாக வருகிறது. மற்றபடி மனசு அமைதியாகத்தான் இருக்கிறது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தூக்கம் சரியாக வருகிறதா? இங்கே அத்தான் முதுகு முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. வாண்டுக்குப் பல் முளைத்து, அதை வைத்து என்னையே கடித்தாகிவிட்டது.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை தலைக்கு மேல்.

உனக்குத் தேவையானது இதுதான். நம் ஒவ்வொரு குரோமோசோமும் ஜோடியாக இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. நாம் பிள்ளைக்குக் கொடுப்பது ஒன்றைத்தான். கொடுப்பதற்கு முன் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோல. அதற்குத்தான் மறுசேர்க்கை என்று பெயர். அது இருப்பதால்தான் ஒரே வயிற்றில் பிறந்தும் நீயும் நானும் இப்படி ஏணி வைத்தாலும் எட்டாமல் இருக்கிறோம். அகராதிக்கு இவ்வளவு போதும். மேலே கேட்காதே.

கோளரங்கத்துப் பெண் யார்? வேதியியல்காரருக்கு ஒரு வரி கொடுத்தாய், அவளுக்கும் ஒரு வரிதான், ஆனால் அந்த ஒரு வரியை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாய். எனக்குக் கண் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தூக்கமும் நலம். வாண்டிடம் கடித்தது சரியே என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் ஐந்து வரியைக் கத்தரி திருப்பிவிட்டார். “சீட்டுக்கட்டு கதை நல்லா இருக்கு. அளக்கறது எப்படி? அளக்க முடியாத விஷயத்துக்கு என் அகராதியில இடம் கிடையாது” என்கிறார். உயிரை வாங்குகிறார். துண்டுகள் எங்கே, எத்தனை தடவை மாறுகின்றன என்று எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

கோளரங்கத்துக்காரியின் ஐந்து வரி கத்தரிக்கே பிடித்துவிட்டது. ஆரம்பத்தில் பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்ததாம், எலக்ட்ரான் எதோடும் ஒட்டாமல் அலைந்ததாம். ஒளி அதன்மேல் முட்டி முட்டி எங்கும் போக முடியாமல் மூடுபனிக்குள் மாட்டிய மாதிரி இருந்ததாம். மூன்று லட்சத்துச் சொச்சம் வருடம் கழித்துச் சூடு தணிந்து எலக்ட்ரானும் கருவும் சேர்ந்து அணுவானதும், வானம் தெளிந்து ஒளி கிளம்பியது. அதைத்தான் அவர்கள் மறுசேர்க்கை என்கிறார்கள். “சேர்ந்ததே முதல் தடவை. இதுல மறு எங்கேர்ந்து வந்துது?” என்று கூட்டத்தில் சண்டை பிடித்தாள். அவள் சொன்னது சரிதான்.

நீ கேட்டதற்குப் பதில்: யாரும் இல்லை.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படித்தானே?

அளப்பது இப்படி. குரோமோசோமை ஒரு நீளமான தெரு என்று வைத்துக்கொள். ஜீன்கள் வீடுகள். துண்டு மாறும்போது தெருவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டு விழலாம். இரண்டு வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவில் வெட்டு விழ வாய்ப்பு அதிகம். ஒட்டி இருந்தால் குறைவு, பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே பிள்ளைக்குப் போகும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அந்த இரண்டும் பிரிந்துபோயிருக்கின்றன என்று எண்ணுவோம். ஒருவரிடம் என்றால் இடைவெளி ஒன்று, நான்கு பேர் என்றால் நான்கு. தேடும் வீடு எது என்று தெரியாதபோது, அதன் பக்கத்தில் இருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் பிள்ளைக்கு வந்திருந்தால் வீடும் வந்திருக்கும் என்று கணக்கு வைப்போம்.

இவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

நான் நலம்தான். நீங்கள் எல்லோரும் நலமா? கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை. உன் போன கடிதத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய். கிண்டல் ஒன்றுகூட இல்லாமல் நீ ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை.

உன் வரிகளைக் கூட்டத்தில் வாசித்தேன். கத்தரி தலையாட்டினார். கோளரங்கத்துக்காரி மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப அடையாளம் மட்டும் பிள்ளைக்கு வந்து, பக்கத்து வீடு வராமப் போகலாமா?”

போகலாம் என்றேன். சொன்னபிறகு எனக்குக் கூட்டத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு நம் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தீர்கள், நீ, நான், பெரியப்பா, இரண்டு அத்தைகள். அப்பாவுடையது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே எடுத்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ‘உனக்கும் இருக்கு’ என்று சொன்னாய். ஒருவருடைய நோய் தெரிய ஏன் ஊர்ப்பட்ட பேர் ரத்தம் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். என் ரத்தத்தில் நீங்கள் பார்த்தது அந்த ஜீனையா, பக்கத்தில் இருக்கும் அடையாளத்தையா?

நான் ஓர் எண் எழுதினால் பக்கத்திலேயே எத்தனை விழுக்காடு தவறலாம் என்றும் எழுதாமல் கையெழுத்துப் போடமாட்டேன். அதற்காகவே சம்பளம் தருகிறார்கள். என் உயிரைப் பற்றிச் சொன்ன ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் அதை நான் கேட்கவில்லை.

தம்பி

மார்ச் 29

அக்கா,

மூன்று வாரம் ஆகிறது. போன் எடுத்து உன் எண்ணைப் பாதிவரை சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். நோயைப் பற்றி எழுத்தில் மட்டும், போனில் கூடாது என்று நாம் போட்ட சட்டம் நினைவிருக்கிறது. அப்பாவுக்கு முதலில் பேச்சுதான் குழறியது. போனில் பேசினால் நான் சொல்வதை விட்டுவிட்டு என் நாக்கு புரளுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாய்.

அதனால் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அத்தான், வாண்டு நலம் அறிய ஆசை.

தம்பி

ஏப்ரல் 1

என் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அடையாளத்தைத்தான் பார்த்தோம். அந்த நோயின் ஜீன் எது என்று அன்று யாருக்கும் தெரியாது, எந்தத் தெரு என்று மட்டும் தெரியும். அப்பாவிடம், பெரியப்பாவிடம், சின்ன அத்தையிடம் நோயோடு சேர்ந்து வந்த அடையாளம் உன்னிடமும் இருந்தது. என்னிடம் இல்லை. அறிக்கையில் இரண்டாவது வரியிலேயே போட்டிருந்தது: நூற்றில் நான்கு பேருக்கு இந்த முடிவு தவறாக இருக்கலாம் என்று.

அந்த வரியை நான் உன்னிடம் சொல்லவில்லை. காகிதத்தைக் காட்டவும் இல்லை. இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஏன் என்று கேட்பாய். நூற்றில் நான்கு என்று சொன்னால் மிச்சம் தொண்ணூற்றாறை விட்டுவிட்டு அந்த நான்கைக் கட்டிக்கொண்டு அழுவாய் என்று நினைத்தேன். பொய்யான ஆசை கொடுப்பது பாவம் என்று நினைத்தேன். தினமும் ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது வரியை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுகிறவள் நான். என் தம்பிக்கு மட்டும் அதை விழுங்கிவிட்டேன். மூத்தவள் என்கிற திமிர், வேறென்ன?

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆறு மாதமாக அந்த ஜீனையே நேராகப் பார்க்கும் சோதனை எங்களிடம் இருக்கிறது. அடையாளம் வேண்டாம், அத்தைகள் வேண்டாம், ஒருவர் ரத்தம் போதும். நவம்பரில் முதலில் என்னுடையதைக் கொடுத்தேன். எனக்கு இல்லை என்றதும் அதே அடையாளத்தை வைத்துத்தானே? அது தவறாக இருந்தால் வாண்டு வரைக்கும் போகும். பன்னிரண்டு நாள் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு இல்லை என்று உறுதியானது. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கவேண்டும். நீ அமைதியாக இருக்கிறாய், அதைக் கலைத்துவிட்டு மறுபடி ‘இருக்கு’ என்று சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். நீ ஐந்து வரி கேட்டு எழுதியபோது, ஏதோ தெரிந்துகொண்டு கேட்கிறாய் என்றே நினைத்துவிட்டேன்.

ரத்தம் கொடுப்பாயா? தெரிந்துகொள்ள வேண்டாம் என்றாலும் சரி. இந்தத் தடவை முடிவு உன்னுடையது.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

உன் உடம்பு எப்படி என்று இன்று கேட்கப்போவதில்லை.

நீ கேட்கிறாயே ஒவ்வொரு கடிதத்திலும், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று, அது விசாரிப்பு இல்லை, பரிசோதனை என்று எனக்கு எப்போதோ தெரியும். பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

நான் அமைதியாக இருந்ததாகச் சொல்கிறாய். மனிதர்கள் அமைதியாக இருக்கும் விதம் அது இல்லை. தகடுகளை இருபத்தைந்து வருடம் வெயிலில் போட்டுத் தேய்மானத்தை அளக்கும் திட்டம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பொறுப்பாளராக என் பெயரைப் போட வந்தார்கள், மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள், வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். சூரியத் தகட்டுக்காரன் சொல்லும் சாக்கா இது? அந்தக் கோளரங்கத்துக்காரி போன வருடம் நேராகவே கேட்டாள், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. எனக்கு அந்த எண்ணம் இல்லை என்றேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை, அப்புறம் அகராதிக் கூட்டத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் இல்லை என்று நான் உனக்கு எழுதியது பொய்.

நூற்றில் நான்கு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியுமா? நான் அதில் குடித்தனமே நடத்தியிருப்பேன்.

நாளைக் காலை இங்கேயே ரத்தம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு குப்பி. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கட்டும்.

தம்பி

ஏப்ரல் 27

உனக்கு இல்லை.

முதலில் அதைப் படித்துவிடு, மற்றதெல்லாம் அப்புறம். உனக்கு அந்த நோய் இல்லைடா. வரவே வராது.

உட்கார்ந்துவிட்டாயா? தண்ணீர் குடி.

இரண்டு குப்பியையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். நான் தொடவே இல்லை, கண்ணாடிக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் கையில் பிடித்தேன் என்று கேட்காதே, தெரியாது. இருவர் முடிவும் ஒன்று. பெரிய டாக்டர் நம்பாமல் மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். அதுவும் அதேதான். அறிக்கையின் அசலையே இதோடு வைத்திருக்கிறேன். இதிலும் தவறலாம் என்று ஒரு வரி இருக்கிறது, குப்பிகள் மாறிப்போவதைப் பற்றி, ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். இனி எந்த வரியையும் உனக்கு நான் விழுங்கமாட்டேன்.

அடையாளம் இன்னும் உன்னிடம் இருக்கிறது, பக்கத்து வீடு மட்டும் வேறு. அப்பாவுக்கு ஒரு குரோமோசோமில் நோய் இருந்தது, இன்னொன்று நல்லது. உனக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டபோது, சரியாக அந்த நூலிழை இடைவெளியில் வெட்டு விழுந்திருக்கிறது. நூற்றில் நான்கு தடவைதான் விழும். அந்த மனுஷர் கடைசி மூன்று வருடம் உன் முகத்தைப் பார்த்தாலே அழுவார், நினைவிருக்கிறதா? என்னால்தான் இந்தப் பிள்ளைக்கும் என்று. நல்லதைத்தான் கொடுத்திருக்கிறார். அது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்துத்தான் அழுதேன், மற்றபடி காலையிலிருந்து பைத்தியக்காரிபோலச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் முதுகுவலியை மறந்து வாண்டைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார், இப்போது மறுபடி படுத்திருக்கிறார்.

என்மேல் கோபமாகவே இரு. எத்தனை வருடம் வேண்டுமானாலும் இரு. உனக்குத்தான் இப்போது நிறைய இருக்கிறதே.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தச் சொல்லை இவ்வளவு நாளும் எழுதியிருக்கிறேன், பொருள் தெரிந்து எழுதுவது இப்போதுதான். அத்தானை இரண்டு நாள் படுக்கவைத்து, எழுந்ததும் என் சார்பில் திட்டு.

உன் கடிதத்தை வாசற்படியில் நின்றே படித்தேன். தபால்காரர், “கெட்ட செய்தியா சார்?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பாவம், எந்தப் பக்கம் ஆட்டினேனோ, ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நோய் இருப்பதையே யாருக்கும் சொல்லாதவன் இல்லாததை எப்படிச் சொல்வான்? முதலில் இருந்தது என்று சொல்லவேண்டும், பிறகு இல்லை என்று சொல்லவேண்டும். கடைசியில் கோளரங்கத்துக்காரியிடம் அறிக்கையையே நீட்டினேன். நீ சிவப்புக் கோடு போட்ட வரியை இரண்டு தடவை படித்தாள். நிறைய திட்டினாள். நோய் இருந்ததற்கு இல்லை, “இதை நீ தனியா வெச்சுக்கிட்டு இருந்தியா?” என்பதற்கு. திட்டி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, போன வருடம் கேட்டதை மறுபடி கேட்கமாட்டேன், இந்தத் தடவை உன் முறை என்றாள். கேட்டேன். ஆகஸ்டில் பதிவு. அத்தான் முதுகு அதற்குள் சரியாகிவிடவேண்டும், சாட்சிக் கையெழுத்து நீங்கள் இரண்டு பேரும்தான் போடவேண்டும்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, அக்கா. சில நாள் காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் வருகிறது. ஆனால் அந்த வரியை ஏழு வருடம் நீ ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தாய் என்பதும் கூடவே வருகிறது. நேரில் வா, கொஞ்சம் சத்தம் போட்டுவிடுகிறேன், இரண்டு பேருக்கும் நல்லது.

இதுவரை உனக்கு எழுதாத ஒன்றை எழுதுகிறேன். இந்த ஏழு வருடத்தில் என் கையிலிருந்து விழுந்த ஒவ்வொரு பொருளும் எனக்கு நினைவிருக்கிறது. டம்ளர், சாவி, பேனா மூடி, ஒரு தடவை பேருந்துச் சீட்டு. விழுந்ததும் அந்தப் பொருளை எடுக்கமாட்டேன், விரல்களை நீட்டி ஆடுகிறதா என்று பார்ப்பேன். பிறகு தேதியைக் குறித்துவைப்பேன். நேற்றுச் சோதனை அறையில் கண்ணாடி மாதிரி ஒரு சிலிக்கான் தகட்டை எடுத்து வைக்கும்போது நழுவித் தரையில் விழுந்து சில்லுச் சில்லாகிவிட்டது. மேலாளர் ஓடி வந்து, “என்னய்யா ஆச்சு?” என்று கத்தினார்.

“ஒண்ணும் இல்ல சார், கை தவறிடுச்சு” என்றேன்.

சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். பாதிப் பெருக்கியபிறகுதான், விரலைப் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது.

உன் தம்பி